வருங்கால அமெரிக்க ஜனாதிபதிக்கு நான் வைத்த பிளெக்ஸ்

எங்கள் பக்கத்து மக்களுக்கு அளவாக வாழ்த்தத் தெரியாது. வார்டு உறுப்பினருக்கு நிற்பவரை வருங்கால அமைச்சர் என்போம். காது குத்தப்போகும் குழந்தையைக்கூட வருங்காலக் கலெக்டர் என்று பிளெக்ஸில் போடுவோம் (படத்தில் அது வாயைப் பிளந்து அழுதுகொண்டிருக்கும்). இந்த வழக்கத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோய், ஒரு நல்ல மனிதரின் பதவிக்கு உலை வைத்தவள் நான்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நல்ல மனிதர் என் தாய்மாமா. அனுமந்தன்பட்டியில் பிறந்து, படிப்பதற்காக அமெரிக்கா போய், வேலை, கல்யாணம், குடியுரிமை என்று அங்கேயே வேர் விட்டவர். முதலில் பள்ளிக்கூட வாரியம், அப்புறம் நகரசபை, கடைசியில் அவர் குடியிருக்கும் மாநிலத்தின் சட்டமன்ற உறுப்பினர். அவரை அங்கே மிதவாதி என்பார்களாம். முகம் கொடுத்துப் பேசாத இரண்டு கட்சிக்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஒரு பாலத்துக்குச் சம்மதம் வாங்கிவிட்டார் என்று ஊரெல்லாம் பெருமை. அம்மாவுக்கு மட்டும் இதில் ஆச்சரியமே இல்லை.

"சின்னதுலயே அவன் அப்படித்தேன். இட்லிக்குச் சட்னியா சாம்பாரான்னா ரெண்டுலயும் பாதிம்பான். எனக்கும் எங்க அக்காவுக்கும் சண்ட வந்தா, ரெண்டு பேரு பக்கமும் நியாயம் இருக்கும்பான். ரெண்டு பேரும் சேந்து அவன மொத்துவோம்."

அப்படிப்பட்ட மாமா பல வருஷம் கழித்து ஊருக்கு வருவதாகச் சொன்னார். சில மாதங்களில் அங்கே அவருக்குத் தேர்தல். இந்த முறை போட்டி கடுமை, அதற்குமுன் அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். சொந்தக்காரர்கள் கூடி, தெருவில் பந்தல் போட்டுப் பாராட்டு விழா என்று முடிவு செய்தார்கள். நான் அப்போதுதான் சின்னமனூரில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனராகச் சேர்ந்திருந்தேன். உலகத்தில் என்னைவிடப் பெரிய கலைஞர் இல்லை என்று எண்ணியிருந்த வயது.

"சின்னதா ஏதாவது செய்ங்க ஆத்தா, ஆடம்பரம் வேணாம்" என்று மாமா போனில் என்னிடம் சொல்லத்தான் செய்தார். எங்கள் கடையில் சின்னது என்றால் இருபதடி.

மாமாவின் சாம்பல் நிறக் கோட்டுப் படத்தை நடுவில் வைத்தேன். அவருக்குப் பின்னால் வெள்ளை மாளிகை. அதற்கும் பின்னால் மேகமலை (இரண்டும் ஒரே தாலுகாவில் இருப்பது மாதிரி அமைந்துவிட்டது). வலது பக்கம் ஒரு சிங்கம், இடது பக்கம் ஒரு ஹெலிகாப்டர். ஓரத்தில் பன்னீர் திராட்சைக் கொத்து. அடியில் சொந்தபந்தங்களின் தலைகள், அதில் என் தலை மட்டும் கொஞ்சம் பெரிது. எல்லாவற்றுக்கும் கீழே கொட்டை எழுத்தில், 'வருங்கால அமெரிக்க ஜனாதிபதியே வருக!'

மாமா காரிலிருந்து இறங்கினார். அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தோளுக்கு மேலாக மாமா பிளெக்ஸைப் பார்த்தார். அவருடைய கண்ணீர் பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஆத்தா, நான் அங்கன பொறக்கல. ஜனாதிபதி ஆக எனக்குச் சட்டத்துல எடமே இல்லியே."

"மாத்திக்கிடலாம் மாமா."

"எத, பிளெக்ஸையா?"

"சட்டத்த."

மாமா தலையில் கை வைத்துச் சிரித்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு மெதுவாக விளக்கினார். இருக்கிற வேலையை ஒழுங்காகப் பார்ப்பவர் என்றுதான் அங்கே இரண்டு தரப்பும் தனக்கு ஓட்டுப் போடுகிறார்களாம். பெரிய பதவிக்கு நாக்கைத் தொங்கப்போடுகிறார் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போச்சாம். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. உடனே கழற்றிவிடுகிறேன் என்றேன். என் கண் கலங்கியதைப் பார்த்ததும் மாமாவுக்குள் இருந்த மிதவாதி விழித்துக்கொண்டார்.

"கழட்டவும் வேணாம், அப்படியே விடவும் வேணாம். கீழ் வரிய மட்டும் மறைச்சுருவம்."

பந்தல் வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களை அவிழ்த்து, பிளெக்ஸுக்கு முன்னால் நிறுத்திக் கட்டினோம். இலைக்குப் பின்னால் ஜனாதிபதி பதவி மறைந்தது. சிங்கத்துக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். மாமாவின் அரசியல் வாழ்க்கையிலேயே மிக அழகான சமரசம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

ஆனால் அந்தச் சமரசத்தை எங்கள் வீட்டுச் செவலைப் பசுவிடம் யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் மேய்ச்சல் முடிந்து திரும்பிய செவலை, பந்தலில் எல்லாரும் பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வாழை இலைகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்துவிட்டது. கூட்டம் முடிந்து வெளியே வந்தால் மாமா ஜனாதிபதியாக ஜொலிக்கிறார். பக்கத்தில் அசைபோட்டபடி செவலை. என் ஒன்றுவிட்ட அண்ணன் அதற்குள் படம் பிடித்து, ஆங்கிலத்தில் அர்த்தமும் எழுதி, இணையத்தில் ஏற்றிவிட்டான்.

"ஏலே, அத அழிச்சுத் தொலைடா!" என்று அப்பா கத்தினார்.

"நூத்துக்கணக்குல பாத்துட்டாக சித்தப்பா!" என்று அவன் பூரித்தான்.

பார்த்தவர்களில் மாமாவின் தொகுதிக்காரர்களும் இருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அந்தப் படத்தை நோட்டீஸில் போட்டு, நம் ஊர்ச் சாலையில் குழி, இவருக்கோ வெள்ளை மாளிகைக் கனவு என்று எழுதினார்களாம். மாமாவின் கட்சிக்காரர்களோ, எங்களைக் கேட்காமல் எப்படி ஆசைப்பட்டாய் என்று கோபித்துக்கொண்டார்களாம். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு கட்சிகளையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவந்தவள் நான்.

மாமா தோற்றுப்போனார்.

செய்தி வந்த அன்று அம்மா அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. நான் வேலைக்குப் போகவில்லை. மாமா போனில் கூப்பிட்டால், குளிக்கிறேன் என்று சொல்லச் சொல்லித் தப்பித்தேன் (அந்த மாதம் நான் குளித்த குளியலுக்கு முல்லையாறே வற்றியிருக்க வேண்டும்). அவர் குரலைக் கேட்கவே பயமாக இருந்தது. சின்ன வயதில் எனக்கு முதல் கலர்ப் பென்சில் டப்பாவை அனுப்பியவர் அவர்.

அடுத்த மழைக்காலத்தில், பதவியில்லாத மாமா சாவகாசமாக ஊருக்கு வந்தார். கார் சத்தம் கேட்டதும் நான் மாட்டுக் கொட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். எதிலும் அவசரமில்லாத அந்த மனிதர் வீட்டுக்குள்கூடப் போகாமல், மழையில் நனைந்தபடி நேராக அங்கேயே வந்தார். பின்னாலேயே அம்மா, குடையோடு.

அழாமல் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்து, அழுதுகொண்டேதான் கேட்டேன்.

"மாமா, நான் வச்ச பிளெக்ஸாலதான் தோத்தீகளா?"

பாதி என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். பாதி என்றால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"இல்ல ஆத்தா. ஒரு துளிகூட இல்ல."

அம்மா குடையைத் தாழ்த்திவிட்டு அவரைப் பார்த்தாள். "தம்பி, நீ முழுசா ஒரு பதில் சொல்லிட்டியா!"

"முழுசாத்தேன் சொல்றேன்க்கா. பள்ளிக்கூடப் பிள்ளைக விஷயத்துல எதிர்ப்பக்கத்து ஆளுகளோட சேந்து ஓட்டுப் போட்டேன். எங்க ஆளுக மன்னிக்கல. நாளைக்கு மறுபடி கேட்டாலும் அப்படித்தேன் போடுவேன். நோட்டீஸ் அடிக்க அவுகளுக்கு ஒரு படம் வேணும், இது கெடச்சுச்சு. அம்புட்டுதேன்." பிறகு என் தலையில் கை வைத்து, "என்னய அம்புட்டு ஒசரத்துல வச்சுப் பாத்தது நீ ஒருத்திதேன். அதுக்குப் போயி அழுவாகளா?" என்றார்.

நான் இன்னும் சத்தமாக அழுதேன். மூக்கைச் சிந்தியபடியே, "அப்ப தப்பு செவலை மேலயா?" என்று கேட்டேன்.

மாமா செவலையைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. "அது விஷயத்துல ரெண்டு பக்கமும் விசாரிக்கணும்" என்றார்.

அப்போதுதான் அவர் மேலே நிமிர்ந்து பார்த்தார். எங்கள் ஊரில் பழைய பிளெக்ஸைத் தூக்கிப்போட மாட்டோம், கொட்டத்துக்குக் கூரையாகப் போட்டுவிடுவோம். ஓடு உடைந்த இடத்தில் சிங்கம், ஹெலிகாப்டர், வெள்ளை மாளிகை, மேகமலை, நடுவில் சாம்பல் நிறக் கோட்டோடு மாமா. மேலே மழை கொட்டிக்கொண்டிருந்தது, கீழே ஒரு சொட்டு இல்லை. செவலை காய்ந்த வைக்கோலில் சொகுசாகப் படுத்திருந்தது. மாமா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "பரவால்லக்கா, என் ஆட்சியில ஒரு சீவனாச்சும் நனையாம இருக்கு" என்றார்.

அந்த பிளெக்ஸ் வெளுத்துக் கிழிந்துபோய், கொட்டத்துக்கு இப்போது தகரக் கூரை வந்துவிட்டது. செவலையின் பேத்தி நிற்கிறது. நான் சின்னமனூரில் சொந்தக் கடை வைத்து, மற்றவர்களின் குழந்தைகளைக் கலெக்டராக்கிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வீட்டில் யாரும் அந்த இடத்தை மாட்டுக் கொட்டம் என்று சொல்வதில்லை. தினமும் காலையில் அம்மாவின் குரல் தெருவுக்கே கேட்கும்.

"ஏ புள்ள, வெள்ளை மாளிகையில சாணி அள்ளியாச்சா?"