மல்லி எந்தக் கூட்டம்?

அன்பு மகள் தேஜஸ்ரீக்கு,

குன்னத்தூரிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் எதிர் வீட்டு நாயும் நலம். உன் நலத்தை நீ சொன்னால்தான் தெரியும். போன் அடித்தால் மீட்டிங் என்கிறாய், அதனால் கடிதம்.

நீ வசனம் எழுதிய கேமை ஆடிப் பார்த்துக் குறை சொல்லச் சொன்னாய். முப்பது வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவனிடம் குறை கேட்டால் சும்மா விடுவேனா? பூக்கடை மல்லியைக் காதலித்துக் கல்யாணம் செய்ய வேண்டுமாம். சரி, முதலில் அவள் எந்தக் கூட்டம், என்ன குலம்? நம் கூட்டமாக இருந்துவிட்டால் தங்கச்சி முறை ஆயிற்றே! கேட்கலாம் என்றால், நீ எழுதி வைத்த மூன்று பதில்களில் ஒன்றைத்தான் அமுக்க முடிகிறது. மூன்றும் அவள் கண்ணைப் பற்றியே. அவளுடைய அப்பாவைப் பார்த்துக் கேட்போம் என்று எட்டு நாள் அந்த ஊரையே சுற்றினேன். பெரியவர் ஒருத்தர் இல்லை. பெற்றவர்களே இல்லாமலா ஒரு பெண்ணை எழுதுவாய்? அதற்குள் கேமில் எனக்குக் கொடுத்த ஐந்து இதயத்தில் நான்கு காலி. மல்லியிடம் இரண்டு நாள் பேசாவிட்டால் ஒன்று குறையுமாம். இந்தச் சட்டம் போட்டவளும் நீதானே? நீ போன் செய்து பத்தொன்பது நாள் ஆகிறது. சும்மா சொன்னேன்.

இதற்கிடையில் எதிர் வீட்டுப் பெரியாத்தாள், “ஏனுங்க, போனுக்குள்ளயா பொண்ணு பாக்கறீங்க?” என்று கேட்டுவிட்டு, நாலு பேரிடம் சொல்லியும் விட்டாள். மறுநாள் தரகர் சிவராஜ் வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, “உங்க ஜாதகம் இருக்குதுங்களா?” என்கிறார். மானம் போயிற்று. ஆனாலும் பேச ஆள் வந்ததே என்று இரண்டாவது காப்பியும் போட்டேன்.

நேற்று மிச்சமிருந்த ஒரே இதயத்தோடு மல்லியிடம் போனேன். “வெறும் வயித்தோட சுத்தாதீங்க. சோறு ஆறுது, ஊட்டுக்கு வாங்க” என்றாள். உன் அம்மா நிர்மலா தினமும் சொன்னது, ஒரு வார்த்தை மாறவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன் கண்ணு. அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். அந்தச் சொல்லை ஊரான் எல்லாம் கேட்கும்படி எழுதுவாயா? உடனே எடுத்துவிடு. கேமையும் அழிக்கப் போகிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. லீவு போட்டுக்கொண்டு வராதே.

மாகாளியம்மன் உனக்கு நேரத்துக்குச் சோறும் நல்ல தூக்கமும் தரட்டும்.

அன்புடன் அப்பா,
பொங்கியண்ணன்

பி.கு.: அந்த வசனத்தை எடுக்காதே. அதற்கு நீ வைத்த மூன்று பதில்களும் சரியில்லை. நான்காவதாக “இதா வந்துட்டேன் நிர்மலா” என்று ஒன்று சேர். அவள் இருந்தபோது நான் சொன்னதே இல்லை. எங்கே அமுக்குவது என்று நீயே நேரில் வந்து காட்டு.