மாமாவும் நானும் மிதித்த படகு

ஓர் ஊரில் பிறந்தவனுக்கு அந்த ஊரில் உள்ளதெல்லாம் தெரிந்திருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நம்புகிறார்கள். நான் கல்லடிக்காரன். மட்டக்களப்பு வாவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. அதைச் சொன்னதும் கேட்பவரின் முகம் மலரும். "அப்ப வாவியில மீன் பாடுறதக் கேட்டிருப்பீங்க?" (எங்கள் வாசலில் நான் கேட்டதெல்லாம் பாண் ரொட்டி விற்கிற ஓட்டோவின் பாட்டுத்தான்.) அடுத்தது, "துடுப்புப் போட்டு நல்லாத் தோணி வலிப்பீங்களே?" என்பார்கள். அப்பா தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். நாங்கள் வாவியைக் கடந்ததெல்லாம் பாலத்தின் மேலால், சைக்கிளில். அந்தத் தண்ணீரில் என் கால் நனைந்ததே ஒருமுறை கரையில் சறுக்கி விழுந்த அன்றுதான்.

கேட்டவர்களிடமெல்லாம் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். மாமாவிடம் மட்டும் சொல்லவில்லை.

மாமா, அதாவது என் மனைவி தேவகியின் அப்பா, சித்தாண்டியில் வயல்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் நான்தான் பெண் வீட்டுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு வேலை ஒரு காப்புறுதிக் கந்தோரில். வயல்காரர் வீட்டு மருமகனாகிவிட்டோமே என்ற உற்சாகத்தில் ஒரு சனிக்கிழமை வயலில் இறங்கிக் களை பிடுங்கினேன். மாலையில் மாமா வந்து வரம்பில் நின்று பார்த்தார். நான் பிடுங்கிக் குவித்திருந்தது நெல். மிச்சம் விட்டிருந்தது புல். இராச்சாப்பாட்டு நேரம் மாமியிடம் மட்டும், "பறவாயில்லகா, வாவிக்கரை ஆள்தானே. தண்ணி வேலயெண்டா வெட்டி விழுத்துவார்" என்றார். அந்த வீட்டில் எனக்கு மிஞ்சியிருந்த மரியாதை அந்த ஒரு வசனம்தான். அதை எப்படிக் கெடுப்பது?

மகளுக்குக் கலியாணம் நல்லபடி நடந்தால் பழனிக்கு வந்து மொட்டை போடுவதாக மாமா நேர்ந்திருந்தார். அதற்காக நாங்கள் நான்கு பேரும் கட்டுநாயக்காவில் விமானம் ஏறி மதுரையில் இறங்கி, வேன் பிடித்துப் பழனிக்குப் போனோம். மாமா தன் தலையைக் கொடுத்துவிட்டு எழும்பியவர், நாவிதரிடம் என்னைக் காட்டி, "இவருக்கும் போடுங்க" என்றார். (நேர்த்தி அவருடையது. முடி என்னுடையது.) வெளியே வரும்போது சந்தனம் பூசிய இரண்டு மொட்டைகளைப் பார்த்துத் தேவகி சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

அத்தோடு திரும்பியிருந்தால் இந்தக் கதை இல்லை. "இவ்வளவு தூரம் வந்திட்டுக் கொடைக்கானல் போகாம வாறதா? அங்க எல்லா இடமும் எனக்குத் தெரியும்" என்று சொன்னது நான்தான். தெரியும் என்றால், கைபேசியில் வீடியோ பார்த்திருந்தேன்.

மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு மாமி முருகனைக் கூப்பிட்டா. பாதி வழிக்கு மேல் அதற்கும் வாய் திறக்க முடியாமல், முகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டா. முதலில் தூண் பாறைகளுக்குக் கூட்டிப் போனேன். வானத்தை முட்டுகிற மூன்று பாறைகள் என்று வழி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அங்கே பாறையும் இல்லை, வானமும் இல்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சுவர் மாதிரி ஒரே மூடுபனி. மாமா கம்பளிக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"மருமகன், இந்தப் பனியப் பாக்கத்தானா வந்தநாம? மார்கழியில நம்மட வயல் வட்டையில இது சும்மா விழுமே."

பைன் காட்டில் ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்து, "இதில என்ன காய்க்கும்?" என்று கேட்டார்.

"திங்கிறமாதிரி ஒண்டும் காய்க்காது மாமா."

"அப்ப சனம் எதப் பாக்க வருது?"

வழிகாட்டி வேலையிலும் நான் நெல்லைப் பிடுங்கிவிட்டேன் என்று விளங்கியது. பின்னேரம் ஏரிக்கரைக்கு வந்தோம். தண்ணீரைக் கண்டதும் மாமாவின் முகம் தெளிந்தது. மருமகனை நாலு பேர் முன்னால் தலை நிமிர்த்தி நிற்க வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்ட சந்தோசம். நேரே படகுக் கவுண்டருக்குப் போய், "ஆள் வேணாம். எங்கட மருமகன் நல்லா வலிப்பார்" என்றார்.

கவுண்டரில் இருந்தவர் என்னைக் கவலையோடு பார்த்தார். "வலிப்பு வருமா சார்? அப்படின்னா போட்ல ஏத்த மாட்டோமே."

கடவுள் திறந்துவிட்ட கதவு அது. ஓம், வரும், இப்பவே வருகிறது என்று சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே விழுந்திருக்கலாம். மாமா என் முகத்தைப் பார்த்தார். "தெரியும்தானே மருமகன்?"

"தெரியும் மாமா" என்றேன்.

நோய் ஒன்றுமில்லை என்று மட்டும் விளங்கி, மற்றபடி எங்கள் தமிழ் புரியாமல் கவுண்டரில் இருந்தவர் மிதிபடகு ஒன்றைத் தந்தார். சைக்கிள் மாதிரிதானே என்று எனக்குப் பாதி உயிர் திரும்பியது. மாமி வரமாட்டேன் என்றுவிட்டா. துணைக்குத் தேவகி கரையில் நின்றாள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையும், மடித்துக் கட்டிய வேட்டியும், கம்பளிக் குல்லாவுமாக மாமா என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

அவர் கால்கள் சேறு மிதித்து உரமேறிய கால்கள். மிதித்த மிதியில் படகு பாய்ந்தது. திருப்புகிற பிடி என் கையில். வலப்பக்கம் போக வலப்பக்கம் இழுத்தேன். படகு இடப்பக்கம் போனது. பதறிப்போய் இன்னும் பலமாக இழுத்தேன். எதிரே ஒரு புதுமணத் தம்பதி, கன்னத்தோடு கன்னம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய் இடித்ததில் மாப்பிள்ளையின் கறுப்புக் கண்ணாடியும் மாமாவின் குல்லாவும் ஏரிக்குள் போயின.

"அங்கிள், கண்ணு தெரியலையா?" என்று அந்தப் பெண் கத்தினாள். (எனக்கு அப்போது முப்பது. மொட்டை செய்த வேலை.)

பிறகு படகு ஒரே இடத்தில் சுற்றத் தொடங்கியது. நான் பிடியை இழுத்தபடியே இருந்தேன், மாமா மிதித்தபடியே இருந்தார். கரையில் ஒலிபெருக்கி அலறியது: "மொட்டை போட்ட ரெண்டு பேரும் இருக்குற போட், சுத்தாம கரைக்கு வாங்க!" சோளம் தின்றுகொண்டிருந்தவர்கள் எழும்பி வந்து கைபேசியைத் தூக்கினார்கள். கடைசியில் படகு தானாகவே ஒரு முடிவெடுத்து, தூரத்து மூலையொன்றில் தாமரைக் கொடிகளுக்குள் புகுந்து நின்றது. மூடுபனியும் இறங்கியது. கரை மறைந்தது.

சத்தமே இல்லை. மாமாவின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தது. குளிருக்குத்தான் பிடிக்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

"மருமகன், உண்மையச் சொல்லுங்க. உங்களுக்குத் தோணி வலிக்கத் தெரியுமா?"

"தெரியா மாமா."

"நீந்த?"

"அதுவும் தெரியா."

இனி நான் பெட்டியோடு கல்லடிக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். திடீரென்று படகு ஆடத் தொடங்கியது. பார்த்தால், மாமா சிரிக்கிறார். சத்தம் வராமல் தொடங்கிய சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் போனது.

"எனக்கும் தெரியா மனே. முழங்காலுக்கு மேல தண்ணியெண்டா நான் இறங்கவே மாட்டன். இது உங்கட மாமிக்கும் தெரியா. வாவிக்கரை ஆள் பக்கத்தில இரிக்கிறார் எண்டுதான் துணிஞ்சு ஏறின நான்."

பிள்ளைகளைக் கூப்பிடுகிற அந்த 'மனே'யை அவர் எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு ஒருநாளும் மருமகன் என்று கூப்பிடவில்லை. படகுக்காரர் ஒருவர் கயிற்றோடு தேடி வந்தபோது, தாமரைக் கொடிகளுக்கு நடுவே இரண்டு மொட்டைகள் விழுந்து விழுந்து சிரிப்பதைக் கண்டு, கிட்ட வரக் கொஞ்சம் யோசித்தார். எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். கரையில் கைதட்டினார்கள். மாமி மட்டும், "உங்களுக்கென்ன விசரா, பைத்தியமா?" என்று எங்கள் இருவரையும் சேர்த்து ஏசினா.

நாங்கள் ஊர் வந்து சேருமுன் வீடியோ வந்து சேர்ந்துவிட்டது. சித்தாண்டியில் பஸ்ஸால் இறங்கியதும் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழும்பி நின்று கையால் வட்டம் போட்டுக் காட்டினார்கள். மாமாவும் திருப்பி ஒரு வட்டம் போட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தெரியும் என்பதில் இரண்டு வகை. ஒன்று தெரியும். மற்றது கொடைக்கானல் தெரியும். கணக்குப் பாடம் முழுக்கத் தெரியும் என்று என் மகள் சொன்னால், "இது எந்தத் தெரியும்?" என்று தேவகி கேட்பாள். குழாய் திருத்த வந்தவரிடமும் ஒருமுறை மாமி இதைக் கேட்டு, அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

போன வருடம் மாமா வரம்பில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை முடிந்து முதல் தடவையாக நடக்க வைக்க, காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு தாதி வந்தா.

"தனிய நடக்க ஏலுமா ஐயா? பிடிக்கோணுமா?"

"என்ன மகள், எனக்கு நடக்கத் தெரியாதா?" என்று மாமா எழும்பி நின்று கம்பீரமாகச் சொன்னார். அவ பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பியதும் என் பக்கம் சாய்ந்து, "மனே, இது கொடைக்கானல் தெரியும். பிடி" என்று கிசுகிசுத்தார்.

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. தாதி திரும்பி வந்து, என்ன விசயம் என்று கேட்டா. மாமா பழையபடி கட்டிலில் உட்கார்ந்தார்.

"இரி மகள், சொல்லுறன். ஒருக்கா நானும் இவரும் இந்தியாவுக்குப் போனநாம..."

அன்றைக்கு அந்த வார்டில் யாரும் நடக்கவில்லை.