நிழல் தணிக்கை

கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டால் உலகமே சரியாக இருக்கிறது என்று நம்புகிற கூட்டம் ஒன்று உண்டு. தணிக்கை அலுவலகத்தில் தலை நரைத்த நான் அதன் மூத்த உறுப்பினன்.

என் மருமகள் ஸ்ரீஜா, இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் கணினியில் படமாகச் செய்பவள். கம்பெனி வேலையை விட்டு, எங்கள் சாப்பாட்டு மேசையை ஆபீஸாக்கி, சொந்தமாகப் பிடித்த முதல் வேலை அது. பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் பேரூர்க்கடைப் பக்கம் வீடு கட்டுகிறார். படம் அவருக்குப் பிடித்துப்போனால் அவர் தம்பிமார் வீடுகளும் இவளுக்கே. பிடிக்காவிட்டால் பழைய கம்பெனிக்கே திரும்புவதாக என் மகனிடம் சொல்லியிருந்தாள். (என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.)

கடைக்காரரும் மனைவியும் படம் பார்க்க வரவிருந்த அன்று காலையில் படத்தில் நிழல்கள் தாறுமாறாகக் கிடந்தன. தென்னைக்கு இரண்டு, மதிலுக்கு இரண்டு, கிணற்றுக்கும் இரண்டு. "அப்பா, ஒண்ணு நோக்குங்கோ. பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு மரவிச்சுப் போச்சு" என்றாள்.

"ஒரு வானத்துல ரெண்டு சூரியனாம்மா?" என்று கேலியாகத்தான் கேட்டேன். விஷயமே அதுதானாம். பின்னணிக்குப் போட்ட வானப் படத்திலேயே ஒரு சூரியன் இருந்திருக்கிறது. போதாதென்று இவள் தனியாக ஒன்று வைத்திருக்கிறாள். ஒன்றை அணைத்தாள். எனக்குத் தலைக்கனம் ஏறியது.

அந்தக் கனத்தில் யோசனை வேறு சொன்னேன். படத்து வீட்டின் வாசலில், அளவு காட்ட, கோட்டு போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் நின்றிருந்தான். பேரூர்க்கடையில் அவனுக்கென்ன வேலை? நம்மூர்ப் பெண்ணாக நிறுத்தச் சொன்னேன். அவள் இணையத்தில் தேடி, பொன்சரிகைக் கசவுக்கரை வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலும் மல்லிகையுமாக ஒருத்தியைக் கண்டெடுத்து, மனையில் நிஜமாகவே நிற்கும் பனைக்கு அடியில் நிறுத்தினாள். பிறகு என்னை நம்பிக் குளிக்கப் போனாள். நான் எண்ணினேன். நிழல் விழ வேண்டியவை இருபத்தாறு, நிழல்கள் இருபத்தாறு. டாலி.

கடைக்காரரும் மனைவியும் வந்தார்கள். டிவியில் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்த அம்மாள் மட்டும் எழுந்து, திரைக்கு அருகே போய்க் குனிந்தார்.

"இது ஆரு மோளே?"

"சும்மா ஒரு ஆளு, சேச்சி. வீட்டோட உயரம் தெரியறதுக்காக்கும்."

"வெள்ளை உடுத்து, முடியும் விரிச்சு, பனைமூட்டுல நிக்கா. நிழலும் இல்லையே."

இந்த ஊரில் அந்த அடையாளங்களுக்குப் பொருந்துகிறவள் ஒருத்திதான். பனையில் குடியிருந்து ஆண்களை மயக்கி ரத்தம் குடிக்கும் யட்சி. உடனே எழுந்து என் வாழ்நாளின் மிக மோசமான வாக்கியத்தைச் சொன்னேன்: "மொத்த நிழல் சரியா இருக்கும்மா. நான் எண்ணினேன்."

கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ இவ நிழலு ஆருகிட்ட இருக்கு சார்?"

படத்தில் மதிலோரம் நிறுத்தியிருந்த காரிடம் இருந்தது. சூரியன் போட்ட நிழல் ஒன்று. இணையத்தில் இந்த உருவங்களை விற்றவன் காரோடு ஒட்டியே அனுப்பிய நிழல் இன்னொன்று. பெண்ணுக்கோ நிழலை அணைத்து அனுப்பியிருந்தான். அங்கே ஒன்று கூட, இங்கே ஒன்று குறை. பிழையும் பிழையும் கழிந்து கூட்டல் நேராகும், கவனி என்று எத்தனை ஜூனியர்களை வறுத்திருக்கிறேன்!

ஸ்ரீஜா காரணம் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஸாரமில்லப்பா, பரவால்ல, போட்டும்" என்று மட்டும் சொல்லி ஸ்ரீஜா மேசையைத் துடைத்தாள்.

அவர்கள் நேரே ஜோதிடரிடம் போய்ச் சோழி உருட்டிப் பிரசன்னம் பார்த்திருக்கிறார்கள். பனைப் பக்கம் வாசல் ஆகாது என்று வந்ததாம். வாசல் மாறினால் வீடே மாறும், படமும் முதலிலிருந்து. வேறு ஆளைப் பார்க்கலாம் என்று கடைக்காரர் சொன்னாராம். அந்த அம்மாள் விடவில்லை: "அந்தப் பிள்ளை படத்துலதானே அவ தெரிஞ்சா. வேற ஆரு போட்டாலும் மறைஞ்சுல்லா நின்னிருப்பா?" தம்பிமார் வீடுகளும் ஸ்ரீஜாவுக்கே வந்தன.

கிரகப்பிரவேசத்துக்குக் குடும்பத்தோடு போனோம். புது வாசலில் அந்த அம்மாள், வெள்ளைச் சேலையில், ஈரக்கூந்தலை விரித்தபடி வரவேற்றார். என்னையறியாமல் என் கண் தரைக்குப் போயிற்று.

"இருக்கு சார். எண்ணிக்கிடுங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அழைப்புமணி அடித்தால் மகன் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறான்: "அப்பா, நிழல் இருக்கான்னு பார்த்துட்டுக் கதவைத் திறங்கோ."

பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன்.