கேப்டன் வியேரியின் மூக்கு

முதலாளி கஸ்பரே எப்படி நடப்பார் என்று நடித்துக் காட்டப் போய்த்தான் உபால்தோ கேப்டனின் மூக்கை உடைத்தான்.

பட்டறையில் இருந்த ஒரே ரசிகை பூனை. அதற்காகத் தொப்பையைத் தள்ளிக்கொண்டு, "டேய் உபால்தோ!" என்று மூக்கால் கத்தியபடி திரும்பினான். பூனை சிரிக்கவில்லை. கையிலிருந்த உளி சறுக்கியது. துப்பாக்கியின் பின்கட்டைத் தகட்டில் மூன்று வாரமாகச் செதுக்கிய எஃகு முகத்திலிருந்து மூக்கு மட்டும் தெறித்து எங்கோ விழுந்தது.

மதிய மணிக்குக் கேப்டனின் மனைவி வருகிறாள். "இன்னொரு வேலையைக் கெடுத்தே, உளியைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிடு" என்று முதலாளி போன வாரம்தான் சொல்லியிருந்தார். பிளாரன்ஸில் வேறு பட்டறைக்கும் போக முடியாது. எல்லா முதலாளிகளையும் உபால்தோ ஏற்கெனவே நடித்துக் காட்டி முடித்திருந்தான்.

துப்பாக்கியும் லேசுப்பட்டதல்ல. ஏழு வெடிக்கான மருந்தும் குண்டும் பின்கட்டைக்குள்ளேயே இருக்கும். குழலைத் தரையைப் பார்க்கச் சாய்த்து, பக்கத்துப் பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் அடுத்த வெடி தயார். ஜோடியாகச் செய்தவை, ஒன்று தொலைந்துவிட்டதாம். மிஞ்சியதில் தம்பியின் முகம் இருக்க வேண்டும் என்று கேப்டனின் அண்ணன் பிடிவாதம் பிடித்தார். கேப்டன் காய்ச்சலில் போனவர். தொற்றும் என்று பெட்டியை மூடியே புதைத்தார்கள். பார்த்துச் செதுக்க உபால்தோவுக்குக் கிடைத்தது ஒரு கல்யாணப் படம்தான்.

தகட்டைக் கழற்றி, வெள்ளியில் ஒரு மூக்கு வைத்து, பற்றவைக்க நெருப்பை ஊதினான். சூடு கூடிப்போய் மூக்கு உருகி வலது கன்னத்தில் வழிந்தது. சுரண்டினான். கன்னமும் கூடவே வந்தது. வலது கண்ணும் போயிற்று. கறுப்பேற்றினால் தெரியாது என்று எண்ணெய்ப் புகையில் காட்டினான்.

அப்போதுதான் முதுகு சில்லிட்டது.

மூன்று வாரமாக வெறும் எஃகாக இருந்தது, இப்போது யாரோவாக இருந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் கண் அவனைப் பார்த்தது. நகர்ந்தான். பார்த்தது. மூக்கைத் தேடுகிற சாக்கில் மேசைக்கடியில் புகுந்துகொண்டான். மேலே யாரோ சிரமப்பட்டு மூச்சு இழுத்தார்கள். துருத்தியாக இருக்கும் என்று நினைத்தான். துருத்தி அவன் காலடியில் கிடந்தது.

"ஐயா, மன்னிச்சிடுங்க. வேணும்னு செய்யலை" என்றான் எஃகிடம்.

பூனை ஜன்னல் வழியே போய்விட்டது.

ஒற்றைக் கண்ணைப் பார்க்காமலே தகட்டை மாட்டினான். முகத்தைக் காப்பாற்ற முடியாது, மற்றதாவது பளபளக்கட்டும் என்று துணியை எடுத்துப் பக்கத்துப் பிடியைச் சுற்றிப் பூசியிருந்த கொழுப்பைத் துடைக்கத் தொடங்கியபோது முதலாளி உள்ளே வந்தார்.

"டேய்! அந்தக் கொழுப்பைத் துடைக்காதேடா! அது இல்லேன்னா நெருப்பு பின்னாடி இருக்கிற மருந்துக்குப் போயிடும். சுடறவனுக்கு மூஞ்சியே இருக்காது!" அப்புறம்தான் தகட்டைப் பார்த்தார். "இவனுக்கு இப்பவே இல்லையேடா..." என்று அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மணி அடித்தது. கேப்டனின் மனைவி ஒர்தென்சியா உள்ளே வந்தாள், பின்னால் வேலைக்காரி நென்சா.

ஒர்தென்சியா முகத்திரையை விலக்கி, தகட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"யார் சொன்னா உங்ககிட்ட?"

"யாரும் சொல்லலைம்மா. அதுவா வந்துச்சு."

"அதுவாவா?"

நென்சா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். ஒர்தென்சியா மெதுவாகச் சிரித்தாள்.

"அவரேதான். அச்சு அசல். முதலாளி, இந்தக் கைவேலைக்காரரை விட்டுடாதீங்க." பிறகு உபால்தோவிடம் திரும்பினாள். "நாளைக்கு எங்க தோட்டத்து வீட்டுக்கு வாங்க. முதல் வெடி நீங்கதான் போடணும். தனியா வாங்க, கூட்டம் வேண்டாம்."

வாசலில் நென்சாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வண்டியேறினாள்.

"தப்பிச்சேடா!" முதலாளி அவன் முதுகில் அறைந்தார். "சீமாட்டி கையால விருந்து! நல்ல சட்டை இருக்கா? என்னுடையதைப் போட்டுக்கோ." ஒயின் எடுக்க உள்ளே ஓடினார்.

உபால்தோ உளியை எடுத்து அதன் இடத்தில் வைத்தான். இனி அவரை நடித்துக் காட்டுவதில்லை என்று முடிவு செய்தான், விருந்து முடிகிறவரைக்காவது.

நென்சா துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீயாவது நெசத்தைச் சொல்லு. மூக்கில்லை, கண்ணில்லை, கன்னம் கருகிக் கிடக்கு. இதைப் போய் அவரேதான்னு சொல்றாங்களே, மனசறிஞ்சுதான் சொல்றாங்களா?"

நென்சா வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"பெட்டியில வைக்கிறப்ப ஐயா இப்படியேதான் இருந்தாரு. நாளைக்கு வந்துடாதீங்கண்ணே, ஜோடியில இன்னொண்ணை அவர் சுடப்போன அன்னிக்குக் காலையில என்கிட்ட சொன்னதையே, இப்பவும் அம்மா சொல்லிட்டுப் போறாங்க: 'அந்தக் கொழுப்பைச் சுத்தமா துடைச்சு வை.'"