பாலம் யார் செய்தது என்று கேட்டார்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் நலம். அங்கே நீயும் அத்தானும் எல்லா அளவிலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று இப்போதே கேட்டுவிடுகிறேன். பிறகு கேட்க எனக்கு நிதானம் இருக்காது.

விஷயம் என் மகளைப் பற்றியது. பதறாதே, காதல் கீதல் ஒன்றும் இல்லை. அதுவாக இருந்தால் ஊர் உலகத்தில் நடக்கிறதுதானே என்று நாலு சத்தம் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். அவள் உண்மை பேசிவிட்டாள். அதுவும் மைக்கில்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஆளுக்கொரு மாதிரி உருவம் செய்து கொண்டுவர வேண்டும். இவள் ஒரு பாலம் என்றாள். நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன், மரத்தையும் ரம்பத்தையும் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கொஞ்சம் அறுத்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். அறுத்தேன், இழைத்தேன், ஒட்டினேன், கப்பல் வந்தால் நடுவில் பிளந்து மேலே தூக்கிக்கொள்கிற மாதிரி பல்சக்கரம் வைத்தேன். நடுவில் அவள் ரம்பத்தைக் கேட்டாள், 'கையை வெட்டிக்குவே, தள்ளிப் போ' என்று சொல்லிவிட்டேன். அவளுடைய வகுப்பு டீச்சர் ஒருநாள் கடைக்கு வந்து பார்த்துவிட்டு, 'ஐயோ, இவ்வளவு நல்லா இருக்கே, கலர்தான் போதாது' என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே பெயிண்ட் அடித்தார். முதல் பரிசு அந்தப் பாலத்துக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு விட்டார்களா? நடுவர் ஒருவர் மேடையில் மைக்கை இவளிடம் நீட்டி, "இது எப்படிம்மா திறக்குது?" என்று கேட்டார். இவள், "எனக்குத் தெரியாதுங்க. அப்பா செஞ்சது. பெயிண்ட் எங்க டீச்சர் அடிச்சாங்க. நான் பசை டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றாள். அடுத்த நிமிஷம் எரிமலை வைத்திருந்த பிள்ளை, "இது எங்க மாமா செஞ்சது" என்றது. காற்றாலை வைத்திருந்தது, "எங்கம்மா ஆபீஸுக்கு லீவு போட்டுச் செஞ்சாங்க" என்றது. கைவிளக்கை அணைத்து அணைத்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டி அழவே ஆரம்பித்துவிட்டது, அது மட்டும்தான் சொந்தமாகச் செய்ததாம், அதை யாரும் நம்பவில்லை. பெற்றோர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல? மருந்துக்கடைக்காரர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எரிமலைக்கு மாமா அவர்தான்.

மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அவர் தலைக்கு மேலே 'உண்மையே பேசு' என்று ஒரு பலகை. சட்டம் நான் போட்டது. இடது மூலை லேசாக விலகியிருந்தது, மனசு போய் அங்கேயே மாட்டிக்கொண்டது. அவர், "பிள்ளைக்கு நேர்மை சொல்லிக்குடுக்க வேண்டியதுதான் சார், அதுக்காக ஒரு அளவு வேண்டாமா? டீச்சரே பெயிண்ட் அடிச்ச விஷயம் நிர்வாகம் வரைக்கும் போயிடுச்சு. உங்க பொண்ணு திங்கட்கிழமை எல்லார் முன்னாடியும் வந்து, பயத்துல உளறிட்டேன், நானேதான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இல்லேன்னா டீச்சரை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "வீட்ல என்ன சார் சொல்லிக்குடுத்தீங்க?" என்றார். "நானா? நீங்க சொல்லிக்குடுத்ததுன்னுல்ல நினைச்சேன்!" என்றேன். "நீதிபோதனை வகுப்புல நான் கணக்குதான் சார் நடத்துறேன், பாடம் முடியணுமே" என்றார். நானும் மறைக்கவில்லை. படம் தயாரா என்று யாராவது கேட்டால் சட்டத்துக்கு மரமே வாங்காமல் 'பசை காயுதுங்க' என்கிறவன் நான், அதையும் அவள் எதிரிலேயே சொல்கிறவன் என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து முழித்தோம். அப்படியானால் இவள் எங்கே கற்றுக்கொண்டாள் அக்கா? நீ ஏதாவது சொல்லிக்கொடுத்தாயா?

அன்று சாயங்காலமே டீச்சர் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து பக்குவமாக எடுத்துச் சொல்வதென்று ஏற்பாடு. டீயும் பிஸ்கட்டும் வைத்தேன். மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லுங்க சார், நீங்கதான் பெத்தவர்" என்றார் டீச்சர்.

"நீங்க சொல்லுங்க டீச்சர், நீங்கதான் படிச்சவங்க" என்றேன்.

"வீட்ல சொன்னாத்தான் மனசுல பதியும்."

"ஐயோ, உங்க பேச்சைத்தான் அவ கேப்பா."

இப்படியே பிஸ்கட் தீர்ந்துபோயிற்று. கடைசியில் அவளே, "இப்ப நான் என்ன பொய் சொல்லணும்?" என்று கேட்டாள்.

"பொய்யின்னு இல்லடா கண்ணு" என்று டீச்சர் ஆரம்பித்து, மேலே வார்த்தை வராமல் என்னைப் பார்த்தார். நான் டீக் கோப்பைக்குள் பார்த்தேன்.

"சொல்லலேன்னா டீச்சருக்கு வேலை போயிடுமா?"

டீச்சர் காலி பிஸ்கட் தட்டைப் பார்த்தார். அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த என் மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அந்தப் பொண்ணு முன்னாடி ரெண்டு பேரும் ஏன் திருடனாட்டம் உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றுகிறது. உண்மை பேசு என்றால் ஒரு டீச்சர் தெருவில் நிற்பார். பேசாதே என்றால் அப்பன் என்று நான் எதற்கு? ஆகவே உன்னிடம் ஒரு வேண்டுகோள். அவளை ஒரு வருஷம் உன் வீட்டில் வைத்துப் படிக்க வை. அத்தான் வீடு பிடித்துக்கொடுக்கிற தரகர், நெளிவு சுளிவு தெரிந்தவர். ஜன்னலே இல்லாத அறையை 'தொந்தரவில்லாத அறை' என்று காட்டி முகம் மாறாமல் நிற்கிறவர். அவரோடு இருந்தால் பிழைக்கத் தெரிந்துகொள்வாள். முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதே.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். மூத்தவள் நீ, மனசார ஒரு வாழ்த்துச் சொல்லி எங்கள் குடும்பத்தைக் கரையேற்று. மாடிப்படி ஏறாதே, மாத்திரையை மறக்காதே.

இப்படிக்கு,
தலைகால் புரியாத உன் தம்பி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. பெற்றோர்களையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை அக்கா, அவளாகவே மேடை ஏறினாள். "பயத்துல உளறிட்டேன். பாலத்தை நானேதான் செஞ்சேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை, கண் தாழவில்லை. பல்சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்றுகூட விளக்கினாள், எப்போது கற்றுக்கொண்டாளோ தெரியாது. எனக்கே ஒரு கணம் இவள்தான் செய்தாளோ என்று தோன்றிவிட்டது. ஒரே கைதட்டல். மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று தட்டினார். டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு, "தங்கமான பொண்ணு" என்றார். அன்றைக்கே பிடுங்கி வைத்துக்கொண்ட பரிசுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அதை என் கையில் வைத்து, "இந்தாங்கப்பா, இது உங்களோடது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அதை மேல்துண்டில் சுற்றி மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. அவளை அனுப்பவில்லை, அத்தான் ஒன்றும் கற்றுக்கொடுக்க வேண்டாம். முடிந்தால் நீ ஒரு நடை வந்து என்னை நன்றாகத் திட்டிவிட்டுப் போ. இங்கே என்னைத் திட்ட வேண்டியவர்கள் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள்.