கடிதத் தலைப்பில் ஒரு தாய்நாடு

நாட்டுக்காக உயிரைக் கொடுத்த இனங்கள் உலகில் ஏராளம். நாட்டின் பெயருக்காக மதியச் சாப்பாட்டையே தள்ளிப்போட்ட பெருமை இரிபேலார் கிராமசபைக்கு மட்டுமே உண்டு. ஸ்பானிஷ் ஆட்சியின் கீழ் தனி மொழி பேசும் பாஸ்கு மக்களின் நாற்பது வீடுகளைக் கொண்ட மலையூர் அது.

விஷயம் சின்னதுதான். பள்ளியில் ஆறே பிள்ளைகள். வெள்ளிக்கிழமைக்குள் கல்வித்துறைக்குச் சபையின் கடிதம் போய்ச் சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள். டீச்சர் எனெரிட்ஸ் கடிதத்தை எழுதியே கொண்டுவந்துவிட்டாள். கையெழுத்துதான் பாக்கி.

பேனாவைத் திறந்த தலைவர் பெனான்சியோ சட்டென்று மூடினார்.

"தலைப்புல ஊர் பேரு இருக்கு. நாட்டோட பேரு எங்கம்மா?"

எனெரிட்ஸ் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"எவுஸ்காதின்னு போடுங்க" என்றார் கசாப்புக்கடை இலாரியோன்.

"அதுல மூணு மாகாணம்தான்யா வரும். நம்ம நவார்ரா மாகாணத்தை எங்க கொண்டுபோய் விடுவே?" என்று மறித்தார் தலைவர்.

"அப்ப வாஸ்கோனியா?"

"அது ரோமாபுரிக்காரன் எழுதி வெச்ச பேரு!"

"சரி, வாஸ்கொங்காதாஸ்..."

"யோவ், அது நம்மளை அடக்கி ஆண்ட ஸ்பானிஷ்காரன் வெச்ச பேரு! சொன்ன வாயை ஆப்பிள் சைடர் ஊத்திக் கழுவு!"

"தலைவரே, இன்னைக்கு வியாழக்கிழமை" என்றாள் எனெரிட்ஸ்.

"ரெண்டாயிரம் வருஷப் பிரச்சனைம்மா. ஒரு வெள்ளிக்கிழமைக்காக அவசரப்பட முடியுமா?"

உடனே 'பெயர்த் தெளிவுக் குழு' மலர்ந்தது. காட் மீன் குழம்போடு முதல் கூட்டம். மிளகாய் ஆம்லெட்டோடு இரண்டாவது. வெள்ளிக்கிழமை வந்தது, யாரையும் தொந்தரவு செய்யாமல் போயும் விட்டது. ஒன்பதாவது கூட்டத்தில், தட்டுகள் காலியான பிறகு, ஏகமனதாக 'எவுஸ்கால் எரியா' வென்றது. பாஸ்கு மொழியின் நாடு என்று அர்த்தம்.

பெயர்ப்பலகையை எங்கே மாட்டுவது? அதிர்ஷ்டவசமாக ஊரில் ஒரு நல்ல கட்டடம் காலியாகக் கிடந்தது. கரும்பலகை, ஆறு குட்டி நாற்காலிகள் உட்பட அது குழுவின் அலுவலகமாயிற்று.

திறப்பு விழாவில் தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "டீச்சர், பிள்ளைங்களைக் கூப்பிடு. பேரை உரக்கச் சொல்லட்டும்."

"நாலு பேரு அடிவாரத்து ஸ்கூலுக்கு பஸ்ல போறாங்க. அங்க ஸ்பானிஷ்லதான் பாடம். மீதி ரெண்டு பேர் வீட்டுல கதவைப் பூட்டிட்டு ஊரை விட்டே போயிட்டாங்க."

"எங்க இருந்தா என்னம்மா? நாட்டுப் பேரை மறக்காம இருந்தாச் சரி. அவங்க இந்த நாட்டை என்னன்னு சொல்றாங்க?"

"'எங்க பழைய ஊரு'ன்னு சொல்றாங்க, தலைவரே."

பெனான்சியோ பேனாவைத் திறந்தார். இந்த முறை மூடவில்லை.

"இலாரியோன், குறிச்சுக்கோ. இன்னொரு பேரு வந்திருக்கு. அடுத்த கூட்டம் எப்ப?"