குற்றாலிங்கத்தின் சிவந்த கண்கள்

"கண்ணைப் பாரு, கோவைப்பழம் மாதிரி இருக்கு. இவன் தெளியட்டும். அப்புறம் நீ மதுரைக்குப் போ" என்றார் நாறும்பூநாதன்.

அவர் மகள் இராமலட்சுமியின் கையில் மதுரையில் வங்கி வேலைக்கான உத்தரவு இருந்தது. திங்கட்கிழமை சேரவேண்டும். அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள். தம்பியின் கண் சிவந்தால் அக்காளின் வேலை ஏன் போகவேண்டும் என்று அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தம்பி குற்றாலிங்கம் பத்தாம் வகுப்பில் தவறியவன். காலையில் எங்கேயோ போவான். மாலையில் சிவந்த கண்ணும் ஏதோ பச்சிலை வாடையுமாக வந்து, தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவான்.

"கஞ்சாதாம்ட்டி" என்று அழுதாள் அம்மா முத்துவடிவு.

"நான் ஒண்ணும் அடிக்கல."

"அடிக்கவன் எல்லாம் அப்படித்தாம்லே சொல்லுவான்."

பிள்ளையைப் போதையிலிருந்து காக்கக் குடும்பமே சேர்ந்து மாறவேண்டும் என்று கல்லூரியில் ஒரு பேராசிரியை சொல்லியிருந்தார். முதல் பாடம், சேர்ந்து சாப்பிட்டு மனம்விட்டுப் பேசுவது. உட்கார்ந்தார்கள்.

"மனசுவிட்டுப் பேசுலே" என்றாள் அம்மா.

"குழம்புல உப்பு இல்ல."

அம்மா எழுந்துபோய்விட்டாள்.

அடுத்த பாடம், பெரியவர்களின் முன்மாதிரி. அப்பாவின் பொடி டப்பாவையும் அம்மாவின் புகையிலையையும் பிடுங்கித் தன் டிரங்குப்பெட்டியில் போட்டாள் இராமலட்சுமி. அப்பா தும்ம வழியில்லாமல் தெருவோடு சண்டைக்குப் போனார். அம்மா சோற்றுப்பானையைக் கவிழ்த்தாள். தம்பி நிம்மதியாகத் தூங்கினான்.

எழுந்ததும் கேட்டான். "நீ காப்பியை விட்டியாக்கா?"

விட்டாள். சாயங்காலம் தலை வெடித்தது. அவன்மேல் தம்ளரை வீசினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த எதிர்வீட்டு முருகம்மாள் கண்ணில் பட்டது, திறந்து கிடந்த பெட்டியும் உள்ளே இருந்த பொடியும் புகையிலையும்தான்.

"படிச்ச பிள்ளைக்கா இந்தக் கெதி!"

விளக்கு வைப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"இந்த நெலமையில பொம்பளப்பிள்ளையை எப்படி மதுரைக்கு அனுப்ப?" என்றார் அப்பா. முகத்தில் வருத்தம் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குத் தெரியாமல், அவன் ஏறிய குற்றாலம் பஸ்ஸிலேயே பின்னால் ஏறினாள். சீசன் கூட்டம். அருவிக்குப் போகும் வழியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு வழுக்கைத் தலையில் மூலிகை எண்ணெயைப் பளார் பளாரென்று தேய்த்துக்கொண்டிருந்தான் குற்றாலிங்கம். எண்ணெய் கண்ணில் தெறித்தது. அந்தக் கையாலேயே கசக்கினான். கண் சிவந்தது. அதே வாடை!

கஞ்சா இல்லை, எண்ணெய்தான். இதை ஏன் வீட்டில் மறைத்தான் என்று இராமலட்சுமிக்குப் புரியவில்லை. பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிட ஆள் பார்த்து நின்ற இன்னொரு எண்ணெய்க்காரர் பீர் மைதீனிடம் கேட்டாள்.

"அந்தப் பையன் இங்கன எப்படி வந்தான்?"

"தங்கமான பையம்மா, பீடிகூடத் தொடமாட்டான். பெயிலானதும் அவங்கப்பாதான் கொண்டாந்து சேர்த்துவிட்டாரு."

"அப்பாவா?"

"ஆமா. போன வாரம் வந்து, பையன்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டு, 'வீட்டுல மூச்சு விடாதீங்க பாய், இவன் கண்ணைக் காட்டித்தான் மூத்தவளை வேலைக்கு விடாம நிறுத்தி வச்சிருக்கேன்'னாரு. பாவம், அந்தப் பிள்ளை உங்களுக்குத் தெரிஞ்சவளாம்மா?"